நேராக வெட்டின பட்டி

சென்னைக் கிடங்குக்குப் போன முன்னூற்றுப் பன்னிரண்டு போர்வையும் போன லாரியிலேயே திரும்பி வந்து இறங்கிய காலையில், சாராள் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அட்டைப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுவருவதைப் பார்த்ததுமே ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு திரும்பி வந்தால் யார் தலையாவது உருளும். யார் தலை என்பதுதான் கேள்வி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருக்குகிற கம்பெனிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிற தையல் கம்பெனி அது. ஜன்னலைத் திறந்தால் வெள்ளைத் துணியில் கரி வந்து உட்காரும். அதனால் வருஷம் பூராவும் ஜன்னல் மூடித்தான் இருக்கும். உள்ளே வேகிறவர்கள் வேகலாம், துணிக்கு ஒன்றும் ஆகக் கூடாது. கைக்குழந்தைக்குப் போர்த்துகிற பஞ்சுப் போர்வைதான் அங்கே சரக்கு. மேலே பூப்போட்ட துணி, கீழே வெள்ளைத் துணி, நடுவில் பஞ்சு. மூன்றையும் சேர்த்து மெஷினில் கட்டம் கட்டமாகத் தைத்து அனுப்புவார்கள். அப்படி வரும்போது சுற்றிலும் ஓரம் பிய்ந்து, பஞ்சு பிதுங்கிக்கொண்டு நிற்கும். அதை மூடுவதற்கு ஒரு நீளத் துணிப் பட்டி. பட்டியை இரண்டாக மடித்து, போர்வையின் மேல்பக்கம் ஓரத்தோடு ஓரம் வைத்து மெஷினில் ஓட்ட வேண்டும். பிறகு ஓரத்தை மூடுகிற மாதிரி அதைத் திருப்பி முதுகுப்பக்கம் கொண்டுவந்து, தையல் கண்ணுக்குத் தெரியாமல் கையால் எம்மிங் போட வேண்டும். பட்டி ஓட்டுகிற மெஷினும் சேர்த்து அந்தக் கடைசி வேலைக்கு ஒரு மேசை, எட்டுப் பெண்கள். அந்த எட்டுப் பேருக்கும் தலை சாராள்.

மேனேஜர் சரவணகுமார் திரும்பி வந்த போர்வை ஒன்றை எடுத்துவந்து மேசையில் விரித்தார். அது விரியவில்லை. குழந்தைக்குக் குத்தக் கூடாது என்று வளைத்து வெட்டியிருந்த நான்கு மூலையும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு நின்றன. அவர் அமுக்கினார், படுத்தது. கையை எடுத்தார், எழுந்துகொண்டது.

"பத்து பீஸ் எடுத்துத் துவைச்சுப் பாத்திருக்காங்க சாராள்மா. பத்துமே இப்படித்தான். எப்படி அனுப்புனீங்க இதை?"

சாராள் பதில் சொல்வதற்குள் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கட்டிங் மாஸ்டர் குப்புராஜ் முன்னால் வந்தார். கழுத்தில் இஞ்சு டேப் மாலை மாதிரி தொங்கியது.

"நான் அப்பவே சொன்னேன் சார். இவங்க பேசிக்கினே தெக்கிறாங்க. பேச்சுல கை டைட்டா பூடுது. மூலையில நூல இஸ்த்துப் போட்டா சுருண்டுக்காம இன்னா பண்ணும்?"

எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? சாராளுக்குக் காது சூடானது.

"நூல யாரும் இழுக்கல சார். பட்டி நேரா வெட்னது. கிராஸ்ல வெட்டலை. ரவுண்டு மூலைல நேர்ப்பட்டி ஒக்காராது."

குப்புராஜ் சிரித்தார். "பாத்தீங்களா சார், எங்க கொண்டாந்து தள்றா பாருங்க. ஏம்மே, ஒக்காராதுன்னா செக்கிங்ல எப்படி பாஸாச்சு? முன்னூத்தி பன்னண்டும் தட்டாட்டம் போச்சே. செக்கிங் பொண்ணுங்களுக்கு ஒட்டுமொத்தமா கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?"

அந்தக் கேள்விக்குச் சாராளிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் தன் கழுத்திலேயே கத்தி விழும். வாயை மூடிக்கொண்டாள். வாய் மூடியதைச் சரவணகுமார் பார்த்தார், குப்புராஜும் பார்த்தார்.

டீ முடிந்த கையோடு மெமோ வந்தது. தமிழில்தான் அடித்திருந்தார்கள். 'எம்மிங் மேசையில் அலட்சியமாக நூலை இறுக்கித் தைத்ததால் ஏற்பட்ட குறைக்கு நானே முழுப் பொறுப்பு.' கீழே ஒரு கோடு, கையெழுத்துக்கு. போட்டால் மேசையிலிருந்து எழுந்து டிரிம்மிங்குக்குப் போக வேண்டும். போடாவிட்டால் நாளை மத்தியானத்துக்கு மேல் கேட்டுக்குள் விட மாட்டார்கள்.

"நாளைக்கு வரைக்கும் டைம் தர்றேன்மா. யோசிச்சு முடிவு பண்ணுங்க," என்றார் சரவணகுமார், பெரிய மனசு பண்ணுகிற குரலில்.

டிரிம்மிங் என்றால் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, தைத்து வருகிற துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டிக்கொண்டே இருப்பது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சாராள் அங்கிருந்துதான் ஆரம்பித்தாள். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். இங்கே வருவதற்கு முன்னால் செங்கல் சூளை, அப்புறம் தீப்பெட்டி அட்டை ஒட்டுகிற கம்பெனி. எங்கே போனாலும் கோபக்காரி என்று பேர். உள்ளதைச் சொன்னால் அந்தப் பேர்தான் வரும். டிரிம்மிங்கில் நின்றுகொண்டே எம்மிங் போடுகிறவர்களின் விரலைப் பார்ப்பாள். ஊசி எந்த இழையைத் தொடுகிறது, எதைத் தாண்டுகிறது என்று பார்த்துப் பார்த்து, கழிவுத் துணியை மடியில் ஒளித்துக்கொண்டுபோய் வீட்டில் தைத்துப் பழகினாள். மூன்றே வருஷத்தில் மேசைக்கு வந்தாள். ஆறாம் வருஷம் மேசைக்குத் தலை. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. அவள் போட்ட எம்மிங்கை வெளிச்சத்தில் பிடித்தாலும் தையல் தெரியாது. அதற்குக் கிடைத்த நாற்காலி அது. நூலை இழுத்துவிட்டாள் என்று அவளையே எழுதிக்கொடுக்கச் சொல்கிறார்கள்.

நடந்தது இதுதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த ஆர்டருக்கான பட்டிக் கட்டு வந்ததும் சாராள் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கல்லு மாதிரி நின்றது. துணியைக் கோணலாகப் போட்டு வெட்டினால், அதைத்தான் கிராஸ் என்பார்கள், பட்டி கொஞ்சம் நீளும், வளைகிற இடத்தில் வளைந்து கொடுக்கும். நேராக வெட்டினால் கொடுக்காது. நேர் ஓரத்துக்கு நேர்ப்பட்டி போதும். வளைவுக்கு ஆகாது. இது கைக்குழந்தைச் சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைக்கிறவளுக்குக்கூடத் தெரியும். குப்புராஜுக்கு நன்றாகவே தெரியும். பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது வருஷம் கத்தரி பிடித்தவர். ஆனால் கிராஸில் வெட்டினால் இரண்டு பக்கமும் முக்கோணமாகத் துணி வேஸ்டாகும். வேஸ்டைக் குறைத்த செக்‌ஷன் என்று போன சுதந்திர தினத்தன்று அவருக்கு ஒரு கேடயம் கொடுத்து, போட்டோவும் எடுத்து மாட்டியிருந்தார்கள். இந்த வருஷம் அந்த இடத்தில் வேறு போட்டோ வந்துவிடக் கூடாது.

"மாஸ்டர், இது ரவுண்டு மூலை பீஸு. பட்டிய கிராஸ்ல குடுங்க," என்று அவரிடம் போய்க் கேட்டாள்.

"தெச்சிக்கினு போம்மே. துணியப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா. உங்கம்மா எங்க கழனில நாத்து நட்டப்போ, எந்த வரப்பு எங்க போவணும்னு எங்க நைனாவுக்குச் சொல்லிக் குடுத்தாளா?"

கட்டிங் மேசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சாராள் திரும்பி வந்தாள். வந்தவள் முதல் போர்வைக்குப் பட்டி வைத்து, திருப்பி எம்மிங் போட்டு முடித்தபோது அவள் நினைத்த மாதிரியே மூலை எழுந்து நின்றது.

அந்த இடத்தில் அவள் போர்வையைத் தூக்கிக்கொண்டுபோய் மேனேஜர் மேசையில் போட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினாள். ஈரத்துணியை மூலையில் போட்டு, பெட்டியை வைத்து அழுத்தி, பத்து எண்ணினாள். ஆவி குப்பென்று வந்தது. மூலை படுத்துவிட்டது. அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை என்று முன்னூற்றுப் பன்னிரண்டு போர்வைக்கும் நான்கு நான்கு மூலை. மற்றப் பெண்கள் எம்மிங் போட்டுத் தள்ளத் தள்ள, இஸ்திரியை அவளே போட்டாள். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டாள். செக்கிங் மேசைக்குப் போன சரக்கு கண்ணாடி மாதிரி இருந்தது. துவைத்தால் மறுபடி எழும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தன் மேசையிலிருந்து கோணல் மூலை ஒன்று போகக் கூடாது என்று கை தானாக வேலை செய்தது. அவன் செய்த தப்புக்கு இவள் கை மினுக்குப் போட்டது.

அவள் அம்மா முத்தம்மாளும் இப்படித்தான். குப்புராஜ் வீட்டு ஆள் மடையைத் திறந்து விட்டுவிட்டுப் போனால், இவள் இடுப்பளவு சேற்றில் இறங்கி அடைத்துவிட்டு வருவாள். காலையில் குப்புராஜின் அப்பா வந்து தண்ணீர் போன தடத்தைப் பார்த்து இவளைத்தான் திட்டுவார். வாங்கிக்கொண்டு, அடுத்த முறையும் போய் அடைப்பாள். சின்ன வயசில் சாராள் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறாள். இப்போது அதே வேலையைத்தான் தானும் செய்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் குப்புராஜ் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

அன்று சாயங்காலம் ரயிலில் செக்கிங் ஏஞ்சலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பொன்னேரிப் பெண். கல்யாணமாகி ஆறு மாசம். போர்வையைப் பார்த்துப் பாஸ் போட்டு முத்திரை குத்தினவள் அவள்தான்.

"யக்கா, எனக்கு ஒண்ணும் புரியலக்கா. நான் ஒவ்வொண்ணா பிரிச்சுப் போட்டுத்தான் பாத்தேன். ஒரு மூலை எழும்பலை. என் கண்ணு மேல சத்தியம்."

"உன் கண்ணு நல்லாத்தான் கீது. கம்முனு வா."

"நாளைக்கு என்னைக் கூப்ட்டு கேட்டா?"

சாராள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் இறங்குகிற கவரைப்பேட்டை அடுத்த ஸ்டேஷன்தான். அந்த ஒரு ஸ்டேஷன் தூரம் அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது.

வீட்டில் புருஷன் மோசஸ் ஷிப்ட் முடிந்து வந்து கைலியோடு உட்கார்ந்திருந்தான். ரோலிங் மில்லில் பதினாறு வருஷமாகக் கான்ட்ராக்ட். வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் பளபளவென்று சுருங்கியிருக்கும், பழுத்த கம்பி தடவிய இடம். மெமோவை அவனிடம் நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"போட்டுட்டு வா," என்றான்.

"இன்னா போட்டுட்டு வா?"

"கையெழுத்துதான். டிரிம்மிங்னா டிரிம்மிங். வேலைன்னு ஒண்ணு கீதில்ல. நான் போடலியா? கை வெந்தப்போ, கையுறை போடாதது என் தப்புன்னு எழுதி நீட்டுனானுங்க. போட்டேன். இன்னிக்கும் வேலைக்குப் போய்க்கினுதான கீறேன்."

"உனக்குக் கையுறை குடுத்தானுங்களா?"

மோசஸ் மெமோவை நாலாக மடித்தான்.

"குடுத்தானுங்களான்னு கேக்கறேன்."

"குடுக்கலை. அதுக்கு இன்னா இப்ப?"

"அதுக்கு இன்னாவா? குடுக்காத கையுறைக்கு நீ கையெழுத்துப் போட்ட. அதான் இன்னிக்கு நான் இழுக்காத நூலுக்கு எங்கிட்ட நீட்றானுங்க. ஊருல கீற ஆம்பளைங்க எல்லாம் இப்படியே போட்டுக் குடுத்துட்டு வந்து ஊட்டுல ஒக்காந்து சோறு துன்னுங்க."

தட்டில் போட்ட சோற்றை அவன் பக்கம் தள்ளினாள். தள்ளின வேகத்தில் குழம்பு தரையில் தெறித்தது. மோசஸ் துடைத்தான். அவனைப் பேசினதற்கு அவள் வருத்தப்படவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நேராக மேனேஜர் ரூமுக்குப் போனாள். "கையெழுத்துக்கு முன்னாடி ஒரு போர்வை குடுங்க சார். ஓரம் மூடாத பீஸா. இந்தப் பக்கம் மாஸ்டர் வெட்டுன பட்டி, அந்தப் பக்கம் கிராஸ்ல நான் வெட்ற பட்டி. ரெண்டையும் நானே தெக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, நூல எங்க இழுக்கறேன்னு."

சரவணகுமார் மணியைப் பார்த்தார். சனிக்கிழமைக்குள் முன்னூற்றுப் பன்னிரண்டையும் சரிசெய்து அனுப்பியாக வேண்டும், எதனால் கெட்டது என்று தெரியாமல் எதைச் சரிசெய்வது? சரி என்றார்.

மிச்சத் துணியைக் கோணலாக மடித்து, மடிப்பில் சாக்பீஸால் கோடு இழுத்து, இரண்டரை இஞ்சு அகலத்துக்கு வெட்டினாள் சாராள். துண்டுகளைச் சாய்வாக வைத்து இணைத்தாள், இணைப்பு ஒரே இடத்தில் தடித்துக்கொண்டு நிற்காமல் இருக்கட்டும் என்று. நீளவாக்கில் மடித்து நகத்தால் ஒரு கீறு கீறினாள். இஸ்திரிப் பெட்டி பக்கம் போகவில்லை. போர்வையின் பக்கவாட்டில் நடுவிலிருந்து ஆரம்பித்து, ஒரு சாண் பட்டியைத் தைக்காமல் தொங்கவிட்டு, மெஷினை மிதித்தாள். நேர் ஓரத்தில் மெஷின் பறந்தது. மூலை வந்ததும் காலைத் தளர்த்தினாள். கிராஸ் பட்டி நீளும் என்பதால் மூலையில் அதை இழுக்கவே கூடாது, இழுத்தால் அதுவும் சுருங்கிக்கொள்ளும். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊட்டினாள். ஒரு தையல், ஊசியைத் துணியிலேயே நிறுத்திப் போர்வையைக் கொஞ்சம் திருப்பல், மறுபடி ஒரு தையல். இரண்டு மூலை அப்படி. மற்ற இரண்டு மூலையில் குப்புராஜின் பட்டியை அதே கையால், அதே வேகத்தில் வைத்தாள். பிறகு திருப்பிப்போட்டு, நாலு பக்கமும் எம்மிங். சரவணகுமார் குனிந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றிப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சர்க்கஸ் காட்றா," என்றார் குப்புராஜ், பக்கத்தில் நின்றவனிடம் சத்தமாக.

"டிக்கெட்டு இல்லாமத்தான காட்டுறேன் மாஸ்டர், பாத்துக்கினு போங்க," என்றாள் சாராள், தலையைத் தூக்காமலே.

வாஷிங்கில் போட்டு, டிரையரில் சுற்றி எடுத்து வந்து விரித்தார்கள். கிராஸ் பட்டி வைத்த இரண்டு மூலை மேசையோடு மேசையாகப் படுத்திருந்தன. நேர்ப்பட்டி வைத்த இரண்டும் விரலை மடக்கிக்கொண்டு எழுந்து நின்றன. சரவணகுமார் அமுக்கினார். எழுந்தது. இன்னொரு தரம் அமுக்கினார்.

குப்புராஜ் அசரவில்லை. அந்த ஆளுக்கு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "சரி சார், கட்டிங்ல ஒரு சின்ன மிஸ்டேக்கு. மனுசன் செய்றதுதான். ஆனா செக்கிங்னு ஒண்ணு எதுக்கு வச்சிக்கிறோம்? மூலை இப்படிக் கிண்ணம் மாதிரி நிக்கிது, பாஸ் முத்திரை குத்திக் கீது அந்தப் பொண்ணு. அதைக் கேளுங்க சார் மொதல்ல."

சரவணகுமார் திரும்பி, "ஏஞ்சலினைக் கூப்பிடுங்க," என்றார்.

ஏஞ்சலின் செக்கிங் மேசையிலிருந்து எழுந்து வந்தாள். கையில் இருந்த பாஸ் முத்திரையைக்கூட வைத்துவிட்டு வரவில்லை. சாராளுக்கு அந்த இடத்தில் ஜெயித்த மாதிரிதான். நூல் இழுக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் நிரூபித்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் நாற்காலி அவளுடையது. ஏஞ்சலின் போவாள், அவ்வளவுதான். குப்புராஜ் அதைத்தான் மேசையில் வைத்தார், எடுத்துக்கொள் என்று. அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட இருந்தது.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சாராளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் பொண்ண உடுங்க சார். அது பாக்கும்போது மூலை எழும்பலை. நான் இஸ்திரி போட்டுப் படுக்க வச்சேன்."

சரவணகுமார் ஏஞ்சலினை விட்டுச் சாராள் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையுமா?" என்றார் சரவணகுமார்.

"எல்லாத்தையும். ஈரத்துணி போட்டு. இவரு கிராஸ்ல குடுக்க மாட்டேன்னுட்டாரு. நான் உங்ககிட்ட வந்து சொல்லாம அவரு தப்ப மறச்சிக் குடுத்தேன். புத்தி கெட்டுப் பூட்ச்சு."

"ஏம்மா செஞ்சீங்க?"

அம்மா சேற்றில் இறங்கி மடை அடைத்த கதையையா சொல்வது? சொன்னாலும் அங்கே யாருக்குப் புரியும்?

சரவணகுமார் மெமோவை எடுத்தார். "அப்ப நீங்க மறைச்சிருக்கீங்க சாராள்மா. மெமோ மெமோதான். கையெழுத்துப் போடுங்க."

"இதுல இன்னா எழுதிக் கீது? நூல இறுக்குனேன்னு. நான் இறுக்கலை. இப்பதான நின்னு பாத்தீங்க. நான் செஞ்சத நானே எழுதிக் குடுக்கறேன். வெள்ளைப் பேப்பரு குடுங்க."

பேப்பர் வந்தது. எழுதிப் பழக்கமில்லாத கை. ஒவ்வொரு எழுத்தையும் துணியில் குறி போடுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதினாள். கால் மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

'மாஸ்டர் குப்புராஜ் பட்டியை நேராக வெட்டினார். ரவுண்டு மூலையில் உக்காராது என்று சொன்னேன். கேக்கவில்லை. மூலை எழும்பியது. நான் இஸ்திரி போட்டு மறைத்தேன். அது என் தப்பு. ஏஞ்சலின் தப்பு இல்லை. நான் நூலை இழுக்கவில்லை. சாராள்.'

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

சரவணகுமார் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இதை நான் மேல அனுப்ப முடியாதும்மா. மாஸ்டர் பேரை மட்டும் எடுத்துட்டு எழுதிக் குடுங்க."

"அவரு பேர எடுத்தா என் பேரயும் எடுத்துருங்க. தானா சுருண்டுக்கிச்சுன்னு எழுதி அனுப்புங்க."

குப்புராஜ் குறுக்கே வந்தார். "ஏய், யார்கிட்ட பேசற? எங்க கழனில களை புடுங்கித் துன்ன குடும்பம். இன்னிக்கு எம் பேர எழுதற அளவுக்கு வந்துட்டியா?"

"புடுங்குனோம். உங்க களைய நாங்கதான் புடுங்குனோம், உங்க மடைய நாங்கதான் அடைச்சோம். போன மாசம் வரைக்கும் உங்க மூலைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். இனிமே போட மாட்டேன் மாஸ்டர். நீங்களே போட்டுக்குங்க."

குப்புராஜ் கையைத் தூக்கினார். சரவணகுமார் நடுவில் வந்ததால் தூக்கிய கை டேப்பைச் சரிசெய்துகொண்டு இறங்கியது.

அன்று மத்தியானத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. தீர்ப்பு என்றால் மேனேஜர் தீர்ப்பு, எந்தப் பக்கமும் முழுசாகச் சாயாதது. அவள் எழுதின பேப்பர் அப்படியே பைலுக்குப் போனது. அடித்து வந்த மெமோவைக் கிழித்துப் போட்டார்கள். ஏஞ்சலினுக்கு ஒன்றுமில்லை. மறைத்ததற்காகச் சாராள் மேசையை விட்டு டிரிம்மிங்குக்கு. எம்மிங் மேசை இனிமேல் குப்புராஜ் பொறுப்பு. "உங்க பட்டி, உங்க மூலை. சனிக்கிழமைக்குள்ள நீங்களே பாத்து முடிச்சுக் குடுங்க மாஸ்டர்," என்றாராம் சரவணகுமார். கிராஸில் வெட்டச் சொல்லி எழுத்திலேயே கொடுத்துவிட்டாராம்.

ரயிலில் ஏஞ்சலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குக்கா சொன்ன? எனக்காவத்தான?"

"உனக்காவ ஒண்ணும் இல்ல. கைய எடு. புழுங்குது."

அது உண்மைதான். ஏஞ்சலினுக்காக என்று சொல்லிக்கொண்டால் மனசுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்த ஆள் தூக்கிப் போட்டதைக் குனிந்து பொறுக்கப் பிடிக்கவில்லை, அதனால்தான் சொன்னாள். நாற்காலி போனது வயிற்றெரிச்சல்தான். எட்டு வருஷம் கழித்து மறுபடி கத்தரிக்கோல். பக்கத்தில் நிற்கிறவளுக்கு வயது இருபது. அவள் இவளுக்கு வேலை சொல்கிறாள், அந்த நூலை விட்டுட்டீங்க ஆன்ட்டி என்று.

வியாழக்கிழமை எம்மிங் மேசையிலிருந்து மெர்சி ஒரு போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு டிரிம்மிங் பக்கம் வந்தாள். மேசையில் கூட இருந்த எட்டில் ஒருத்தி அவள். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு மூலையை விரித்தாள்.

"யக்கா, கிராஸ்லதான் வெட்டிக் குடுத்தாரு. அப்பவும் பாரேன், சுருக்கம் சுருக்கமா வருது. காலைலேர்ந்து நாப்பது பீஸு இப்படி. இன்னா பண்றதுன்னே தெரியலை."

சாராளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மெஷினில் பட்டி வைக்கிறவள் மூலையில் துணியை இழுத்திருக்கிறாள். நேர்ப்பட்டியில் பழகின கை, கிராஸிலும் அப்படியே இழுத்துவிட்டது. மூன்று அங்குலத் தையலைப் பிரித்துவிட்டு, இழுக்காமல் ஊட்டி வைத்தால் தீர்ந்தது. அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம். விரல் அந்த மூலையைத் தொடத் துடித்தது. கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட எதுக்கு எடுத்தாந்த? மாஸ்டர்கிட்ட காட்டு."

"அவருக்கு இதெல்லாம் இன்னாக்கா தெரியும்? அவரு வெட்றவரு."

"தெரியாதுன்னு அவரு வாயால சொல்லட்டும்."

"நாங்கதானக்கா பிரிச்சுப் பிரிச்சுச் சாவறோம்," என்றாள் மெர்சி.

அது நியாயம்தான். சாராளுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மெர்சி போர்வையைத் தூக்கிக்கொண்டு கட்டிங் பக்கம் போனாள். குப்புராஜ் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மூலையை விரலால் நீவினார், அது நீவலுக்கு அடங்கவில்லை. சுற்றிலும் எம்மிங் மேசைப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே டிரிம்மிங் மேசைக்கு வந்தார். இருபது வருஷக் கத்தரி, கேடயம், போட்டோ எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நடந்து வருகிற மாதிரி இருந்தது அந்த நடை.

"சாராளு, இத இன்னா ஏதுன்னு பாரேன்," என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"தெரியலைன்னு எழுதிக் குடுங்க மாஸ்டர், பாக்கறேன். தமிழ்ல எழுதுனா போதும்."

டிரிம்மிங் மேசை முழுக்கக் கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிட்டது. குப்புராஜின் கழுத்து நரம்பு புடைத்தது. சுற்றிலும் பார்த்தார். போர்வையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, எதுவும் சொல்லாமல் மேனேஜர் ரூம் பக்கம் நடந்தார். போனது பேப்பர் வாங்கவா, இவள்மேல் புகார் சொல்லவா என்று யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற இருபது வயதுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாராள் சிரிக்கவில்லை. "இன்னா பல்ல காட்ற, வேலையப் பாரு," என்று அவளை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, அடுத்த துணியை இழுத்துப் போட்டு நூலைத் தேடினாள்.